பழைய யூனிக்ஸில் கம்பைலரே விழுந்தால்: இன்டர்னல் கம்பைலர் எரர்

சோர்ஸ் கோடை இயந்திரம் ஓட்டும் புரோகிராமாக மாற்றுவது கம்பைலர்; அதுவே நடுவில் செயலிழந்தால் வருவது ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’. இந்தப் பிழையைப் பார்த்ததும் சோர்ஸ் கோடைத் திருத்த உட்கார வேண்டாம். கோடில் எவ்வளவு பெரிய தவறு இருந்தாலும், அதைச் சொல்லிவிட்டு ஒழுங்காக நிற்பதுதான் கம்பைலரின் வேலை. தானே விழுகிறது என்றால் கோளாறு கம்பைலரில், அல்லது அதற்குக் கீழே உள்ள இயந்திரத்தில்.

எதையும் மாற்றாமல் ‘மேக் -ஜே1’ (ஒரு நேரத்தில் ஒரு ஃபைலை மட்டும் கம்பைல் செய்யும் கட்டளை) என்று மூன்று நான்கு முறை ஓட்டுங்கள். எந்த ஃபைலில், எந்த வரியில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு செய்வதெல்லாம் இதைப் பொறுத்ததே.

விழும் இடம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறி, சிக்னல் 11 என்று வந்தால் முதல் சந்தேகம் ரேம் மீது. ஜிசிசி என்ற கம்பைலர் நினைவகம் முழுக்கப் பாயின்டர்களை (நினைவக முகவரிகளை) நிரப்பி வேலை செய்வது. ஒரு பிட் புரண்டாலே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான முகவரியைத் தொட்டதால் வரும் சிக்னல் 11. ‘மற்ற புரோகிராமெல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்பது இங்கே செல்லாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ இரவு முழுக்க ஓட விடுங்கள். ஓவர்கிளாக் (பிராசஸரை அதன் வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டுவது) இருந்தால் எடுத்துவிடுங்கள், விசிறித் தூசியையும் பாருங்கள்.

‘கில்டு’ என்றும் பக்கத்தில் சிசி1பிளஸ் (ஜிசிசியின் சி++ பகுதி) என்றும் வந்தால் கதை வேறு: நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் கர்னலே சிக்னல் 9 அனுப்பிக் கொன்றிருக்கிறது. கர்னல் பதிவின் கடைசி வரிகளில் ‘அவுட் ஆஃப் மெமரி’ இருக்கும். 2048 எம்பிக்கு ஒரு ஃபைல் உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, ‘எம்கே-ஸ்வாப்’, ‘ஸ்வாப்-ஆன்’ கொடுங்கள்; ரேம் போதாதபோது அந்த ஃபைல் ஸ்வாப்பாக, அதாவது கூடுதல் நினைவகமாக உதவும். டீபக் தகவல் சேர்க்கும் ‘-ஜி’யை நீக்கினாலும் நினைவகத் தேவை கணிசமாகக் குறையும். ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் ஸ்வாப் மட்டும் போதாது. அங்கே ஒவ்வொரு புராசஸுக்கும் டேட்டா வரம்பு உண்டு. ‘யூலிமிட் -டி’ காட்டும் எண் சிறியதாக இருந்தால் லாகின்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் டேட்டாசைஸை உயர்த்தி, வெளியேறி மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அதே வரியில் விழுந்தால் அநேகமாகக் கம்பைலர் பக். அந்த ஒரு ஃபைலின் கட்டளையை மட்டும் எடுத்து ஆப்டிமைசேஷன் அளவைச் சொல்லும் ‘-ஓ2’வை ‘-ஓ1’ ஆக்குங்கள், அதிலும் விழுந்தால் ‘-ஓ0’. புராஜெக்ட் முழுவதற்கும் குறைப்பது சோம்பேறித்தனம். ஆழமாக அடுக்கிய எக்ஸ்பிரஷன்கள் உள்ள ஃபைல் என்றால் அதற்கு முன் ஸ்டாக் நினைவகத்தின் வரம்பை உயர்த்தும் ‘யூலிமிட் -எஸ் 65536’ முயன்று பாருங்கள். ஸ்டாக் நிரம்பினாலும் இதே செய்திதான் வரும்.

கம்பைலர் பக் புதிய பதிப்பில் சரியாகியிருக்கலாம். ஆனால் புது ஜிசிசிக்குப் போவதானால் ஒரே தாவலில் முடியாது. 2013இல் வந்த 4.8 பதிப்பு முதல் ஜிசிசியைக் கட்டவே சி++ கம்பைலர் வேண்டும். 11ஆம் பதிப்புக்கு சி++11 (சி++ மொழியின் 2011 தரம்) தெரிந்த கம்பைலர் வேண்டும். வெறும் சி கம்பைலர் உள்ள இயந்திரத்தில் 4.7, அதைக்கொண்டு 4.9, அதைக்கொண்டு 11 என்று ஏறுங்கள்.

புதியதிலும் அதே பிழை வந்தால்தான் ஜிசிசியை உருவாக்குவோருக்குப் புகார் அனுப்புவதில் பொருள் உண்டு. ‘-சேவ்-டெம்ப்ஸ்’ சேர்த்து ஓட்டினால் கிடைக்கும் ப்ரீபிராசஸ் ஆன ஃபைல், முழுக் கட்டளை, ‘ஜிசிசி -வி’ காட்டுவது, மூன்றையும் இணையுங்கள். ஹெடர்கள் அந்த ஃபைலுக்குள்ளேயே விரிந்துவிடுவதால் தனியாக அனுப்பத் தேவையில்லை.