நாடுகடத்தப்பட்ட பெண்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1788 தொடங்கி பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிய பெண் கைதிகள் சுமார் 25,000 பேர். அவர்களைப் பற்றி எழுத வரும் புதியவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தருகிறேன். ஆண்டு பிசகுவது, கப்பல் பெயர் மாறுவது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். ஆரம்பத்தில் நானும் செய்த இந்தத் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல.

மார்ஸ்டனின் பட்டியலை வேதவாக்காகக் கொள்வது

சிட்னிக்கு அருகிலுள்ள பாரமட்டாவின் ஆங்கிலிக்கன் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் 1806இல் குடியேற்றத்துப் பெண்களை இரண்டாகப் பிரித்துப் பட்டியலிட்டார்: மணமானவர், வைப்பாட்டி. இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தால்தான் அவருக்கு அது திருமணம். கத்தோலிக்கரும் யூதரும் தம் முறைப்படி செய்துகொண்டதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இந்தப் பட்டியல் லண்டன் வரை போய், அந்தப் பெண்களின் பெயரைக் கெடுத்தது.

அண்மையில் ஓர் இளைஞர் அனுப்பிய கட்டுரையில் ஓர் அயர்லாந்துப் பெண் வருகிறார். ஒரே ஆணோடு கடைசிவரை வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்தவர். கட்டுரையோ அவரை ‘நடத்தை கெட்டவர்’ என்கிறது. சான்று கேட்டேன். மார்ஸ்டனைக் காட்டினார். எனக்கு இன்னும் ஆறவில்லை. கைதியாக வந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஜேம்ஸ் டிக்சனுக்கு 1803இல் கிடைத்த வழிபாட்டு அனுமதி, அயர்லாந்துக் கைதிகள் எழுந்த 1804 காசில் ஹில் கிளர்ச்சிக்குப் பின் பறிபோனது. அதன்பின் 1820 வரை அரசு ஏற்ற கத்தோலிக்கப் பாதிரியார் அங்கே கிடையாது. அந்தப் பெண் யார் முன் நின்று மணம் முடித்திருப்பார்?

பாலியல் தொழில் நாடுகடத்தலுக்குரிய குற்றமே அல்ல. பெரும்பாலோர் துணிமணி, பாத்திரம் போன்றவற்றைத் திருடியதாகத் தண்டிக்கப்பட்டவர்கள். ஒரு பெண்ணின் மேல் பழி எழுதுமுன் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவையும் நில ஆவணங்களையும் தேடிப் பாருங்கள். அந்த உழைப்பாவது அவருக்கு நாம் தர வேண்டியது.

பாரமட்டா ஃபீமேல் ஃபாக்டரியை வெறும் சிறை என்பது

பெண் கைதிகளை வைத்து வேலை வாங்க 1821இல் திறந்த அந்தக் கட்டடத்தில் கம்பளி நூற்றார்கள், பிள்ளை பெற்றார்கள், வீட்டு வேலைக்கு எடுப்பவருக்காகக் காத்திருந்தார்கள். மனைவி தேடி ஆண்களும் வந்தார்கள். உணவைக் குறைத்தபோது, 1827இல், பெண்கள் கதவை உடைத்து வெளியேறினார்கள். இவ்வளவையும் ‘சிறை’ என்ற ஒரு சொல்லில் அடைக்காதீர்கள்.

அவர்களே சொன்னதால் உண்மை என்று நம்புவது

குதிரைத் திருட்டுக்காக ஆண் வேடத்தில், ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில் பிடிபட்ட சிறுமி மேரி ரெய்பி 1792இல் சிட்னி வந்து இறங்கினார். பின்னாளில் பெரும் வணிகரான அவர், 1828 கணக்கெடுப்பில் ‘1821இல் சுதந்திரமாக வந்தவர்’ என்று பதிந்தார். இங்கிலாந்துக்குப் போய் அவர் திரும்பிய ஆண்டு அது.

தண்டனை முடிந்ததும் ஊர் திரும்பினாள் என்பது

திரும்பும் கப்பலுக்கு அரசு பணம் தரவில்லை. பெரும்பாலோர் திரும்பவில்லை.