தண்ணீர் தொடாத இடம்தான் சுடும்: ஓவர்க்ளாக் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

போன மே மாதம் திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் ஆசை ஆசையாகக் கட்டிய கேமிங் கம்ப்யூட்டரைக் காட்டினான். ஐ7-13700கே ப்ராசஸர், 360 மி.மீ. ரேடியேட்டர், கேபினட் முழுக்க விளக்குகள். "மாமா, சிபியு 70 டிகிரியைத் தாண்டவே இல்ல. ஆனா கேம் விளையாடிக்கிட்டே ரெக்கார்டு போட்டா இருபது நிமிஷத்துல திக்கித் திக்கி ஓடுது. வாட்டர் கூலிங் போட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டான்.

வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து, ப்ராசஸர் வரிகளைத் தாண்டிக் கீழே உருட்டினோம். ப்ராசஸருக்கு மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் பகுதியான விஆர்எம் என்ற வரியில் 112 டிகிரி நின்றது. அந்த நேரத்தில் ப்ராசஸரின் வேகம் 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2க்கும் கீழே விழுவதும், ஏறுவதும், மறுபடி விழுவதுமாக இருந்தது. போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். சாதாரண வாட்டர் கூலிங்கில் தண்ணீர் குளிர்விப்பது ப்ராசஸரை மட்டும்தான். அதற்கு மின்சாரம் கொடுக்கிற பகுதியைத் தண்ணீர் தொடுவதே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். ப்ராசஸருக்கு வேண்டியதோ சுமார் 1.25 வோல்ட். இடையில் இறக்கிக் கொடுப்பது விஆர்எம். 13700கேயின் உச்ச வரம்பு 253 வாட். அப்படியென்றால் அந்தச் சின்ன இடத்தின் வழியாக 200 ஆம்பியர் ஓடுகிறது. வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக்கே 16 ஆம்பியர்தான். இந்த மாற்றத்தில் நூற்றுக்குப் பத்து பங்கு வீணானால்கூட 25 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை, ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் எரியவிட்டது மாதிரி.

சாதாரண டவர் கூலராக இருந்தால் அதன் ஃபேன் போகிற போக்கில் இந்த இடத்துக்கும் காற்று கொடுத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, ப்ராசஸர் மேல் தண்ணீர் ஓடும் வாட்டர் பிளாக் வைத்ததும் அந்தக் காற்றும் போய்விடுகிறது. ஏர் கூலரில் ஒழுங்காக ஓடிய போர்டு வாட்டர் கூலிங்கில் திணறுவதற்கு இதுதான் காரணம். ஆகவே போர்டு பார்க்கும்போது முதலில் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் கண்ணை ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் கனமான, காற்று புகுந்து போகும்படி பள்ளம் வெட்டிய ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகக் கட்டி) இருக்க வேண்டும். வழவழவென்று மூடிய பிளாஸ்டிக் கவசம் அழகுக்குத்தான், சூட்டை வெளியேற்றாது. அக்கா மகனின் போர்டில் மேல்பக்கம் ஹீட்சிங்க்கே கிடையாது. அன்றைக்கு அந்த இடத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேனைக் கட்டி, பவர் லிமிட்டை 125 வாட்டுக்கு இறக்கினேன். விஆர்எம் 85 டிகிரிக்கு வந்து நின்றது, திக்கலும் நின்றது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் '16+1+1 ஃபேஸ்' என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. விஆர்எம்முக்குள் மின்சாரத்தைப் பங்கிட்டு இறக்கும் பிரிவுதான் ஃபேஸ். பல போர்டுகளில் ஒரே சிக்னலுக்கு இரண்டு பவர் ஸ்டேஜ்களை (மின்சாரத்தை இறக்கும் சிப்கள்) ஜோடியாக மாட்டி, இரண்டு ஃபேஸ் என்று எண்ணிவிடுவார்கள். அது ஏமாற்றுவேலை என்று சொல்ல மாட்டேன், சூடு பங்கிடப்படுவது உண்மைதான். ஆனால் எண்ணிக்கையோடு ஒவ்வொரு ஸ்டேஜும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 90 ஆம்பியர் ஸ்டேஜ் எட்டு இருக்கும் போர்டு, 50 ஆம்பியர் ஸ்டேஜ் பத்து இருக்கும் போர்டைவிடத் தெம்பாக இருக்கும். விஆர்எம் சூட்டை அளந்து காட்டும் விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20-25 டிகிரி அறையில் நடப்பவை. நம் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 37 டிகிரி இருக்கும். அவர்கள் காட்டும் அளவோடு 12 முதல் 17 டிகிரி கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள்.

சரி, அடுத்தது போர்டில் என்னென்ன வசதி என்பதை முடிவு செய்யும் சிப்செட். அக்கா மகன் 'கே' ப்ராசஸர் வாங்கியதே ஓவர்க்ளாக் செய்யத்தான், அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டத்தான். ஆனால் மாட்டியிருந்தது பி760 போர்டு. இன்டெலில் ப்ராசஸரின் மல்டிப்ளையரை (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்) ஏற்ற இசட் வரிசை வேண்டும்: இசட்690, இசட்790, புது சாக்கெட் என்றால் இசட்890. பி760இல் ரேம் வேகத்தை ஏற்றலாம், ப்ராசஸரைத் தொட முடியாது. இதைக் கடையில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஏஎம்டியில் நிலைமை தாராளம். ஏஎம்5 சாக்கெட்டில் ஏ620, பி840 இரண்டையும் தவிர்த்தால் போதும், பி650இலேயே ஓவர்க்ளாக் வசதி உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி மாதிரி ப்ராசஸருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் போர்டு வாங்குகிறார்கள். அதன் மல்டிப்ளையர் பூட்டப்பட்டது, வோல்ட்டேஜைச் சற்றே குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதன் உச்ச வரம்பே 162 வாட், கேமில் அதில் பாதியைத் தொட்டாலே அதிகம். நல்ல பி650 போர்டு தாராளமாகப் போதும். மிச்சப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பற்றி அலட்சியமாக இருக்காதீர்கள். 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில போர்டோடு சேர்ந்து கருகிய செய்திகள் வந்தன. அதன் பிறகுதான் புது பயாஸில் எஸ்ஓசி வோல்ட்டேஜ் (ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அதிக வோல்ட்டேஜால் நாளடைவில் பழுதான விவகாரத்துக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாக மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வந்தன. இவற்றுக்கு முன்பே தயாராகிக் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் போர்டில் இவை எதுவும் இருக்காது. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டாக எடுங்கள். ப்ராசஸர் மாட்டாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிவிடலாம். கூடவே பயாஸ் அமைப்புகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் க்ளியர் சிமாஸ் பட்டனும், பிழை எண் காட்டும் சின்ன டிஸ்ப்ளேயும் இருந்தால் இன்னும் நல்லது. ஓவர்க்ளாக் செய்பவனுக்குக் கம்ப்யூட்டர் எழும்பாமல் கிடப்பது அன்றாடம் நடப்பது. அப்போது கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு இரண்டு பின்னைத் தொட வைக்கும் வேலை வேண்டாம்.

பம்ப் மாட்டும் பின்களை, அதாவது ஹெடரை, பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. சாதாரண ஃபேன் ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தரும், பம்ப்புக்கென்று உள்ள ஹெடர் 2 அல்லது 3 ஆம்பியர் தரும். டி5 போன்ற தனி பம்ப் என்றால் மின்சாரம் நேரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும், போர்டுக்கு வேகக் கட்டுப்பாட்டு ஒயர் மட்டும் போகும். எல்லாம் சேர்ந்தே வரும் ஏஐஓ வாட்டர் கூலரின் பம்ப்பை ஃபேன் ஹெடரில் மாட்டிவிட்டு அமைப்பை மாற்ற மறந்தால், ப்ராசஸர் சும்மா இருக்கும்போது போர்டு பம்ப்பின் வேகத்தையும் குறைத்துவிடும். பம்ப் எப்போதும் ஒரே சீராக ஓடட்டும். விளக்கு ஒயரிலும் கவனம் வேண்டும். 5 வோல்ட் மூன்று பின் ஏஆர்ஜிபி வேறு, 12 வோல்ட் நான்கு பின் ஆர்ஜிபி வேறு. மாற்றிச் சொருகினால் விளக்கு அன்றோடு முடிந்தது.

ரேம் ஸ்லாட் நான்கு இருக்கிறதே என்று நான்கையும் நிரப்பாதீர்கள். டிடிஆர்5இல் நான்கு ரேம் போட்டால் வேகம் இறங்கும். இரண்டே போதும், சாக்கெட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

அப்புறம் இடம். ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52 மி.மீ. கேபினட்டின் மேலிருந்து கீழே இறங்கி வரும். விஆர்எம் ஹீட்சிங்க் உயரமாக இருந்தால் இரண்டும் மோதும். நல்ல ஹீட்சிங்க் வேண்டும் என்று மேலே சொன்னேன், அதற்குக் கேபினட்டில் இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். ப்ராசஸரையும் விஆர்எம்மையும் சேர்த்துக் குளிர்விக்கும் மோனோபிளாக் போடும் எண்ணம் இருந்தால் முதலில் பிளாக்கைத் தேடுங்கள், பிறகு போர்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு போர்டுக்குச் செய்த மோனோபிளாக் இன்னொன்றில் உட்காராது.

கெட்டிக் குழாய் போடுபவர்கள் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பல போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும். கார்டிலும் தண்ணீர் ஓடுகிறதென்றால், ஒரு எஸ்எஸ்டி மாற்ற முழுத் தண்ணீரையும் இறக்க வேண்டியிருக்கும். சில இசட்790 போர்டுகளில் ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டினால் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் 16 தரவுப் பாதை எட்டாகக் குறையும், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையான எஸ்எஸ்டிகளை முதலிலேயே மாட்டிவிட்டு, போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒரு சாதாரண கூலரோடு ஓட்டிப் பாருங்கள். ரேம் சோதனையை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பிழை ஒன்றும் இல்லை என்றால் கேபினட்டில் ஏற்றிக் குழாய் வெட்டத் தொடங்கலாம்.