ப்ரயாரிட்டி 9 போட்டும் அவசர மெசேஜ் ஏன் கடைசியில நிக்குது? க்யூ ஃபில்டர்ல நாம பண்ற தவறுகள்

ப்ரோக்ராம்கள் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பிக்கற க்யூல அவசர மெசேஜுக்கு ப்ரயாரிட்டி 9 போட்டாச்சு, கன்ஸ்யூமர் (மெசேஜை எடுத்து வேலை பண்ற ப்ரோக்ராம்) பக்கம் செலக்டரும் (எந்த மெசேஜ் வேணும்னு சொல்ற ஃபில்டர்) எழுதியாச்சு, டெஸ்ட்ல எல்லாம் ஓகே, ப்ரொடக்ஷன் போனதும் அந்த 9 நம்பர் மெசேஜ் நானூறு சாதா மெசேஜுக்குப் பின்னாடி அமைதியா நின்னுட்டு இருக்கும். இன்டக்ரேஷன் வேலைல இருக்கறவங்க இதை ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. ப்ரோக்கர்ல, அதாவது க்யூவை நடத்தற சர்வர்ல, பக்னு நினைச்சு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கீழ இருக்கறதைப் பாருங்க, ஏன்னா பெரும்பாலும் தப்பு நம்ம செட்டிங்லதான் இருக்கும்.

ஃபில்டரும் ப்ரயாரிட்டியும் ஒண்ணுதான்னு நினைச்சுக்கறதுல இருந்துதான் பாதி குழப்பம் ஆரம்பிக்குது. எந்த மெசேஜ் யார் கைக்குப் போகணும்னு சொல்றது ஃபில்டர், எது முன்னாடி போகணும்னு சொல்றது ப்ரயாரிட்டி. "ப்ரயாரிட்டி 6-க்கு மேல"ன்னு செலக்டர் வெச்ச கன்ஸ்யூமருக்கு 7, 8, 9 மட்டும் வரும், சரி, ஆனா அந்த மூணுக்குள்ள 9 முதல்ல வரும்னு செலக்டர் எந்த உத்தரவாதமும் தராது. அதோட மிச்ச மெசேஜை எடுக்க வேற கன்ஸ்யூமர் இருக்கானு யாரும் யோசிக்கறதில்ல. ஒருத்தர் ஃபில்டருக்கும் பொருந்தாத மெசேஜ் எரர் எதுவும் குடுக்காம க்யூலயே தங்கும், டிஸ்க் நிறைஞ்சு அலாரம் அடிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது ஜேஎம்எஸ் (ஜாவால மெசேஜ் அனுப்பறதுக்கான ஸ்டாண்டர்ட்) ஆளுங்க எல்லாரும் ஒரு தடவை விழற குழி. மெசேஜ் ஆப்ஜெக்ட்லயே ப்ரயாரிட்டியை செட் பண்ற மெத்தட் இருக்கு, அதைக் கூப்பிட்டு 9 குடுப்போம், கம்பைல் ஆகும், ரன் ஆகும், ஆனா அனுப்பற நேரத்துல அந்த மதிப்பை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ப்ரோட்யூசர்ல (மெசேஜை அனுப்பற ஆப்ஜெக்ட்) செட் பண்ணினதோ, இல்ல அனுப்பற மெத்தட்லயே நேரடியா குடுத்ததோதான் செல்லும், அப்படி எதுவும் குடுக்கலன்னா டிஃபால்ட் 4. நான் ஒரு தடவை இதுக்காக ஒரு நாள் முழுக்க ப்ரோக்கர் கான்ஃபிகைப் பிரிச்சு மேஞ்சேன், கடைசில பார்த்தா எல்லா மெசேஜும் 4-ஆதான் வந்துட்டிருந்தது. க்யூல இருக்கற ஒரு மெசேஜோட ஹெடரை (ப்ரயாரிட்டி மாதிரி விவரங்கள் இருக்கற தலைப்பகுதி) திறந்து பார்த்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை.

சரி, ஹெடர்ல 9 ஒழுங்கா இருக்கு, அப்பவும் ப்ரோக்கர் அதை மதிக்கணும்ல? ஜேஎம்எஸ் விதிப்படி 0 முதல் 4 வரை சாதாரணம், 5 முதல் 9 வரை அவசரம், ஆனா கறாரா அந்த வரிசைலதான் குடுக்கணும்னு விதி கட்டாயப்படுத்தல, முடிஞ்சவரை முயற்சி பண்ணணும்னுதான் சொல்லுது. இது ப்ரோக்கருக்கு ப்ரோக்கர் மாறும், ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக்ல இது டிஃபால்ட்டா ஆஃப், க்யூ பாலிசில நாமதான் ஆன் பண்ணணும். ஐபிஎம் எம்க்யூல க்யூவோட டெலிவரி வரிசை ப்ரயாரிட்டியா, வந்த வரிசையானு பாருங்க, யாராவது எப்பவோ ஒரு காரணத்துக்காக வந்த வரிசைன்னு மாத்தி வெச்சிருப்பாங்க. ராபிட்எம்க்யூ கிளாசிக் க்யூல க்யூவை உருவாக்கும்போதே அதிகபட்ச ப்ரயாரிட்டியை ஆர்க்யூமென்ட்டா குடுக்கணும், அப்புறமா பாலிசி வழியா சேர்க்க முடியாது, இருக்கற க்யூவையே வேற மதிப்போட டிக்ளேர் பண்ணினா, பொருந்தலன்னு 406 எரர்தான் வரும்.

இதெல்லாம் சரியா இருந்தும் வேலை செய்யலன்னா என் சந்தேகம் முதல்ல போறது ப்ரீஃபெட்ச் மேலதான். ப்ரோக்கர் ஒவ்வொரு மெசேஜா கேட்டுக் குடுக்கறதில்ல, வேகத்துக்காக ஒரு கட்டு மெசேஜை முன்கூட்டியே கன்ஸ்யூமர் பக்கம் தள்ளிடும், அதுதான் ப்ரீஃபெட்ச். ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக்ல க்யூவுக்கு டிஃபால்ட் 1000. ராபிட்எம்க்யூல நாம சொல்லலன்னா க்ளையன்ட் பக்கம் வரம்பே இல்ல. யோசிச்சுப் பாருங்க, ஒரு மெசேஜ் ப்ராசஸ் ஆக 1 செகண்ட் ஆகுது, கன்ஸ்யூமர் ஏற்கனவே 1000 சாதா மெசேஜை வாங்கி மெமரில வெச்சிருக்கு, இப்ப வர்ற அவசர மெசேஜ் க்யூல முதல் இடத்துலதான் நிக்கும், ஆனா அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 17 நிமிஷ வேலை கன்ஸ்யூமர் கைல இருக்கு. ப்ரோக்கர் தன் கையை விட்டுப் போனதை மறுபடி வரிசைப்படுத்த முடியாது. மெதுவான வேலைன்னா ப்ரீஃபெட்சை 1-னு வைங்க, வேகமான சின்ன வேலைன்னா அளந்து பார்த்து கொஞ்சம் கூட்டிக்கலாம், த்ரூபுட் (ஒரு நேரத்துல முடியற மெசேஜ் எண்ணிக்கை) குறையும்தான், ஆனா ப்ரயாரிட்டி வேணும்னா அந்த விலையைக் குடுத்துதான் ஆகணும்.

செலக்டர் எழுதறதுல சின்னச் சின்ன கோளாறு நிறைய. ஜேஎம்எஸ் செலக்டர் ஹெடரையும் ப்ராப்பர்ட்டியையும் (அனுப்பறவர் மெசேஜோட சேர்க்கற பேர்-மதிப்பு குறிப்பு) மட்டும்தான் பார்க்கும், மெசேஜ் பாடிக்குள்ள இருக்கற எக்ஸ்எம்எல் ஃபீல்டை வெச்சு ஃபில்டர் பண்ணணும்னா அனுப்பறவர் அதைத் தனியா ப்ராப்பர்ட்டியா எடுத்து வெச்சிருக்கணும். ப்ராப்பர்ட்டி பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் பொருந்தாது. அனுப்பறவர் 5-ஐ ஸ்ட்ரிங்கா போட்டு நீங்க நம்பரா ஒப்பிட்டாலும் எரர் வராது, பொருந்தாம போகும், அவ்வளவுதான். இதைவிட மோசம், "லெவல் லோ இல்லாததெல்லாம் எடு"ன்னு எழுதறது. லெவல் ப்ராப்பர்ட்டியே இல்லாத மெசேஜும் இதுல வந்துடும்னு தோணும், வராது, ஏன்னா எஸ்க்யூஎல் மாதிரியே இல்லாத மதிப்போட எதை ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது', அதனால அந்த மெசேஜ் வெளிலயே நிக்கும். ப்ராப்பர்ட்டி இல்லாததையும் எடுன்னு தனியா சேர்த்து எழுதணும்.

ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக்ல இன்னொண்ணு, க்யூல இருந்து ஒரு நேரத்துல 200 மெசேஜைத்தான் டிஃபால்ட்டா மெமரிக்கு எடுக்கும், அந்த 200-ம் உங்க செலக்டருக்குப் பொருந்தாததா இருந்து அதை எடுக்க வேற ஆளும் இல்லன்னா, பின்னாடி உங்களுக்கான மெசேஜ் இருந்தாலும் கன்ஸ்யூமர் சும்மாவே உக்காந்திருக்கும்.

மைக்ரோசாஃப்டோட க்ளவுட் மெசேஜ் சர்வீஸான அஷூர் சர்வீஸ் பஸ்ல வேற கதை. அங்க ப்ரயாரிட்டினு ஒண்ணு கிடையாது, டாபிக் (பல பேர் தனித்தனியா வாங்கற மெசேஜ் வழி) வெச்சு, வாங்கற ஒவ்வொருத்தருக்கும் இருக்கற சப்ஸ்க்ரிப்ஷன் ஃபில்டர்ல பிரிக்கறதுதான் வழி. புதுசா சப்ஸ்க்ரிப்ஷன் போட்டா எல்லாத்தையும் உள்ள விடற டிஃபால்ட் ரூல் ஒண்ணு கூடவே வரும், அதை அழிக்காம நம்ம ரூலைச் சேர்த்தா ஃபில்டர் வெச்சும் வெக்காத மாதிரிதான், எல்லா மெசேஜும் கொட்டும்.

அப்புறம், எல்லா டீமும் தன் மெசேஜ்தான் அவசரம்னு 9 போடறது. எல்லாமே 9-னா அது சாதா க்யூதான். பத்து லெவல் தேவையே இல்ல, ராபிட்எம்க்யூ டாக்குமென்டேஷனே 1-ல இருந்து 5-க்குள்ள வெச்சுக்கச் சொல்லுது, என்னைக் கேட்டா ரெண்டு லெவல் போதும். அவசரம் நிக்காம வந்துட்டே இருந்தா கீழ் லெவல் மெசேஜுக்கு சான்ஸே கிடைக்காதுங்கறதையும் மறக்காதீங்க. ப்ரயாரிட்டி வந்தா வரிசை போச்சு, ஆர்டர் கேன்சலுக்கு 9, ஆர்டர் போடறதுக்கு 4-னு வெச்சீங்கன்னா இல்லாத ஆர்டரை கேன்சல் பண்ண மெசேஜ் முதல்ல வந்து நிக்கும், ஃபெயில் ஆகி மறுபடி அதே 9-ஓட முன்னாடி வந்து மத்தவங்களையும் மறிக்கும். ரீட்ரை எத்தனை தடவைனு வரம்பு வெச்சு டெட் லெட்டர் க்யூவுக்கு (ப்ராசஸ் ஆகாத மெசேஜை ஒதுக்கி வைக்கற க்யூ) அனுப்பிடுங்க.

இவ்வளவு தலைவலி எதுக்கு, அவசரத்துக்கு ஒரு க்யூ, சாதாவுக்கு ஒரு க்யூனு பிரிச்சு, ரெண்டுக்கும் தனித்தனி கன்ஸ்யூமர் குடுத்துடலாமே? நிறைய இடத்துல நான் அதைத்தான் சொல்லுவேன், காஃப்காங்கற இன்னொரு மெசேஜ் சிஸ்டத்துல ப்ரயாரிட்டியே கிடையாதுங்கறதால அங்க டாபிக்கைப் பிரிக்கறதைத்தான் பெரும்பாலும் பண்றாங்க. ஒரே க்யூலதான் வேணும்னு கட்டாயம் இருந்தா டெஸ்டையாவது ஒழுங்கா பண்ணுங்க. காலி க்யூல ஒரு மெசேஜ் அனுப்பி உடனே வந்துடுச்சுன்னு பார்க்கறது டெஸ்டே இல்ல. கன்ஸ்யூமரை ஓட விட்டு, ஒவ்வொரு மெசேஜுக்கும் 1 செகண்ட் தாமதம் வெச்சு, 4 நம்பர்ல 2000 மெசேஜை அனுப்பி, அதுக்கப்புறம் 9 நம்பர்ல ஒண்ணே ஒண்ணு அனுப்புங்க, அது எத்தனை செகண்ட்ல வந்துச்சுன்னு லாக்ல பாருங்க.