லண்டன் தெருவில் கிரேன் நிறுத்த அனுமதி வாங்குவது எப்படி?

கடையின் கூரைமேல் ஏசி வெளி யூனிட்டை ஏற்ற வேண்டும், கிரேன் நிற்கத் தெருவைத் தவிர வேறு இடமில்லை. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற கடைத்தெருக்களில் இது வழக்கமான வேலைதான். புதிதாகச் செய்பவர்கள் முதலில் கிரேனுக்குத் தேதி குறித்துவிட்டுப் பிறகு அனுமதிக்கு அலைகிறார்கள். கிரேனை உறுதிசெய்வது கடைசியில்தான் வர வேண்டும்.

படி 1: பொறுப்பு யாருடையது?

கிரேனை வெறும் வாடகைக்கு எடுத்தால் வண்டியும் ஓட்டுநரும் மட்டுமே வருவார்கள். திட்டம், மேற்பார்வை, காப்பீடு எல்லாம் உங்கள் தலையில். ‘கான்ட்ராக்ட் லிஃப்ட்’ எடுத்தால் செலவு கூடும். ஆனால் திட்டமிடும் ‘அப்பாயின்டட் பெர்சன்’, மேற்பார்வையாளர், காப்பீடு ஆகியவற்றை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். தூக்கும் வேலையைத் தகுதியுள்ளவர் திட்டமிட வேண்டும் என்பது, தூக்கும் வேலைகளுக்கும் கருவிகளுக்குமான 1998ஆம் ஆண்டின் லோலர் (LOLER) விதி. அப்படி ஒருவர் உங்களிடம் இல்லையென்றால் கான்ட்ராக்ட் லிஃப்ட்தான் வழி.

படி 2: லிஃப்ட் பிளான்

எதை, எங்கிருந்து, எப்படித் தூக்குவது என்ற எழுத்துத் திட்டம் இது. இது இல்லாமல் உள்ளூர் கவுன்சில் பொதுவாகக் கிரேன் லைசென்ஸைப் பரிசீலிக்காது. யூனிட்டின் எடையோடு கொக்கி, சங்கிலி, பட்டைகளின் எடையையும் கூட்டுங்கள். 40 டன் கிரேன் 40 டன் தூக்குவது தன்னிடமிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்தில் மட்டுமே. கிரேனின் கை எட்டும் தூரம் கூடக்கூட அந்தத் திறன் சரசரவென்று இறங்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தரைக்கு அடியில் இருக்கிறது. வண்டியும் சுமையும் சேர்ந்து 38 டன் என்று வைத்துக்கொள்வோம். கை ஒரு மூலைப்பக்கம் திரும்பும்போது மொத்த எடையில் முக்கால் பங்கு, அதாவது 28 டன்னுக்கு மேல், கிரேனைத் தாங்க விரிக்கும் கால்களில் ஒன்றின் மேலேயே இறங்கலாம். 1.2 மீட்டர் சதுரப் பலகை போட்டாலும் சதுர மீட்டருக்கு சுமார் 20 டன் அழுத்தம். பழைய கடைகளின் நிலவறை நடைபாதைக்கு அடியில் நீண்டிருப்பதுண்டு. கால் அதன்மேல் நின்றால் நிலவறையின் கூரையே உடையலாம். நிலவறைக்குள் இறங்கி அளந்து, அதையும் குழாய்களையும் வரைபடத்தில் குறியுங்கள். கை பக்கத்துக் கட்டடத்தின் மேலாகச் சுழலும் என்றால் அதன் உரிமையாளரிடம் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள்.

படி 3: கவுன்சில்

‘பெர்மிட்’ என்று ஒன்றாகச் சொன்னாலும் பெரும்பாலும் இவை தனித்தனி விண்ணப்பங்கள்:

- தெருவில் கிரேன் நிறுத்த லைசென்ஸ். பொதுப் பொறுப்புக் காப்பீடு 50 லட்சம் பவுண்டாவது கேட்பார்கள். சில இடங்களில் ஒரு கோடி.
- பார்க்கிங் இடங்களை மற்றவர்கள் பயன்படுத்தாதபடி தற்காலிகமாக நிறுத்திவைத்தல்.
- சாலையையே மூட வேண்டுமானால் தற்காலிகப் போக்குவரத்து உத்தரவு. இதற்குப் பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருப்பதால் பல வாரங்கள் ஆகும். இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட சாலை என்றால் கவுன்சிலிடம் போகாதீர்கள். அது டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் பொறுப்பு. பஸ் வழித்தடத்தை மூடினாலும் அவர்களிடம் பேச வேண்டும்.

போக்குவரத்து வரைபடத்தில் நடப்பவர்களுக்கு 1.5 மீட்டர் அகலப் பாதை காட்டுங்கள். சுமை அந்தப் பாதையின் மேலாகப் போகும் என்றால் பாதையை மூடி ஆட்களை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது நேரத்தில்தான். நெரிசலை நினைத்துக் கவுன்சிலின் போக்குவரத்துப் பிரிவு ஞாயிற்றுக்கிழமை செய்யச் சொல்லும். இரைச்சலைக் கவனிக்கும் பிரிவு ஞாயிறு கூடாது என்னும். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நம்பாதீர்கள். இரைச்சல் பிரிவின் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்கி, அதை லைசென்ஸ் விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

படி 4: விமானமும் ரயிலும்

விமான நிலையத்திலிருந்து 6 கிலோமீட்டருக்குள் 10 மீட்டரைத் தாண்டும் கிரேன், அல்லது சுற்றியுள்ள கட்டடம், மரங்களைவிட உயரும் கிரேன் என்றால் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டிக்குத் தெரிவிப்பது அவசியம். ஈஸ்ட் ஹாமுக்கு லண்டன் சிட்டி விமான நிலையம் கூப்பிடு தூரம், அதனால் விட்டுவிடாதீர்கள். கிரேன் சாய்ந்தால் தண்டவாளம் வரை எட்டும் என்றால் ரயில் நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும்.

படி 5: தேதியும் அன்றைய நாளும்

எல்லாம் கைக்கு வந்த பிறகு கிரேனை உறுதிசெய்யுங்கள். காற்று பலமாக வீசினால் என்று ஒரு மாற்றுத் தேதியையும் முன்பே விண்ணப்பங்களில் கேட்டுவிடுங்கள். பல மொபைல் கிரேன்களுக்கு நொடிக்கு 9.8 மீட்டர் காற்றுதான் எல்லை. அகலமான யூனிட் என்றால் அதற்கு முன்பே நிறுத்த நேரும். மாற்றுத் தேதி இல்லாவிட்டால் சாலை மூடும் உத்தரவை மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டிவரும்.

கிரேனின் 12 மாதப் பரிசோதனைச் சான்று, சங்கிலி, பட்டைகளின் 6 மாதச் சான்று, ஓட்டுநரின் தகுதி அட்டை, லைசென்ஸ் நகல் ஆகியவை இடத்திலேயே இருக்கட்டும். வண்டி வருமுன் நடைபாதைக் கற்களைப் படம் எடுத்துவையுங்கள். ஏற்கெனவே உடைந்திருந்த கல்லுக்கும் பில் வரலாம்.