பலம் கூட்ட வெயிட் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வியர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி உருப்படி என்ற நினைப்பில் தொடங்குகிறது பாதித் தவறு. ஆட்டத்துக்குப் பலம் வேண்டும் என்று வந்தவர் இருபது இருபதாக ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்குவது) அடிப்பார், செட்டுக்கு (நிறுத்தாமல் அடிக்கும் ரெப்களின் ஒரு சுற்று) நடுவே அரை நிமிடம்கூட உட்கார மாட்டார். மூச்சு வாங்கும், தொடை நடுங்கும். இரண்டு மாதம் கழித்தும் பாரில் (வெயிட் மாட்டும் கம்பியில்) அதே வெயிட்தான் இருக்கும்.

பலத்துக்கு ரெப் குறைவு, வெயிட் அதிகம். ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 சதவீதத்துக்கு மேல் போட்டு, செட்டுக்கு 3 முதல் 5 ரெப் போதும். நடுவே 3 நிமிடமாவது ஓய்வு. ரொம்பக் கனம் என்றால் 5 நிமிடம். கனமாகத் தூக்கும் அந்தச் சில நொடிகளுக்குத் தசை நம்பியிருப்பது தனக்குள்ளேயே சேர்த்துவைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடி எரிபொருளை. அது மறுபடி நிரம்பச் சில நிமிடம் பிடிக்கும். புதிதாக வருபவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கே வேண்டாம். முதலில் அசைவு சரியாக வரட்டும்.

ஸ்குவாட்டை (தோளில் பாரை வைத்து உட்கார்ந்து எழுவதை) பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். வெயிட் ஏற ஏற ஆழம் குறைகிறதா? குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா? எழும்போது இடுப்பு முந்திக்கொண்டு மேலே வர, மார்பு முன்னால் கவிழ்கிறதா? ஒன்று தென்பட்டாலும் வெயிட் பிளேட்டைக் கழற்றுங்கள். இறங்கும் முன்பே மூச்சை இழுத்து வயிற்றை இறுக்க வேண்டும். பாதி வழியில் இழுத்துப் பயனில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் இப்படி மூச்சடக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குத்து வலுக்கும் என்று டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். டம்பெல் இழுப்பது கீழே, குத்து போவது முன்னால். தோள் களைப்பதுதான் மிச்சம்.

அதற்காகக் கனமாக மட்டுமே தூக்கிக்கொண்டிருந்தாலும் ஆட்டத்துக்கு உதவாது. முழு வேக ஓட்டத்தில் கால் தரையில் படுவது சுமார் 0.1 நொடி, தசை உச்ச பலத்தை எட்ட அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும். குதித்தல், பவர் கிளீன் (பாரைத் தரையிலிருந்து தோள் வரை ஒரே வீச்சில் தூக்குவது), மெடிசின் பால் (கனமான பந்து) எறிதல் எல்லாம் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பலத்தைக் காட்டப் பழகத்தான். அவற்றைக் கனமான செட்டுக்கு முன், உடம்பு புதிதாக இருக்கும்போதே முடியுங்கள். வேகம் தொய்ந்தால் அதோடு நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு செட்டையும் இனி பார் மேலே வராது என்கிற நிலை வரை இழுப்பதும் வேண்டாத வேலை. ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வையுங்கள். போட்டி வாரத்தில் செட்டைக் குறையுங்கள், வெயிட்டைக் கிட்டத்தட்ட அப்படியே விடுங்கள். புதுப் பயிற்சி எதையும் அப்போது தொடங்காதீர்கள்: பழகாத அசைவின் வலி இரண்டு மூன்று நாள் கழித்தும் காலைப் பிடித்திருக்கும்.