பதின்பருவத்தினருக்குச் சாலைப் பாதுகாப்பைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்துகளே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதை அறிந்த பெரியவர்கள் பலர், பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டுவதற்காக நசுங்கிப்போன கார்களின் படங்களைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அக்கறையில் பிறந்த தவறு இது. படம் தரும் அதிர்ச்சி சில நாள்களில் வடிந்துவிடும். தவிர, விபத்து என்பது கவனமில்லாத யாருக்கோ நேர்வது என்று நம்பிக்கொள்வது அந்த வயதின் இயல்பு.

பயமுறுத்துவதைவிட, அவர்களுடன் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் ஒன்றரை விநாடியிலேயே 25 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு உலர்ந்த சாலையில் நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் தேவை. அதே இடத்தில் அதே ஆபத்தைக் கண்டவர் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், முதல் கார் முழுவதுமாக நின்ற புள்ளியை அவருடைய கார் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். வெறும் 20 கிலோமீட்டர்தானே கூடுதல் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

வண்டியைத் திறமையாகக் கையாளத் தெரிந்துவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணுவது அடுத்த தவறு. நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கிய பிறகு, இளம் ஆண்களிடையே அத்தகைய விபத்துகள் குறைவதற்கு மாறாகக் கூடின. பயிற்சி திறமையைவிடத் தன்னம்பிக்கையை அதிகமாக வளர்த்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பச் சில வாரங்களில் பழகிவிடலாம். ஆனால் நின்றுகொண்டிருக்கும் பேருந்தின் முன்புறத்திலிருந்து யாராவது சாலையைக் கடக்கக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் கண், பல நூறு மணி நேர அனுபவத்தில்தான் வருகிறது.

ஆகவே, உரிமம் கைக்கு வந்ததும் நம் கடமை முடிந்தது என்று ஒதுங்கிவிடுவதையே இவற்றுள் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்கும் வரை விபத்துகள் மிகக் குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் அவை உச்சத்தைத் தொடுகின்றன. 1987இல் நியூசிலாந்து நடைமுறைப்படுத்திய படிநிலை உரிம முறை, புதிய இளம் ஓட்டுநர்கள் தொடக்கக் காலத்தில் இரவில் தனியாக ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றிச் செல்வதற்கும் கட்டுப்பாடு விதித்தது. அவசர உந்துதலை அடக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், நல்ல பிள்ளையும்கூட நண்பர்கள் உடனிருக்கும்போது வேறு மாதிரி ஓட்டக்கூடும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் இந்த இரண்டு கட்டுப்பாடுகளை முதல் ஆண்டில் வீட்டு விதியாக வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் எங்கே இருக்கிறாய் என்று நாமே அழைப்பதும் உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி திரையைப் பார்ப்பது 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். சீட் பெல்ட்டும் அப்படித்தான். பின் இருக்கையில் பெல்ட் அணியாதவர் மோதலின்போது முன்னால் இருப்பவர்மீது வீசப்படுவார் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். பெற்றோர் ஓட்டுவதைப் பல ஆண்டுகள் பின்னாலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பாடம் நம் அறிவுரைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

கண்டிப்பு மட்டுமே வழி என்று நினைப்பதும் தவறே. திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளை, குடித்திருக்கும் நண்பனின் காரில் ஏறிவிடும். தூக்கம் கண்ணை அழுத்தினாலும் தானே ஓட்டிக்கொண்டு வரும். எந்த நேரத்தில் அழைத்தாலும் நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போவோம், அன்று இரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று முன்பே வாக்குக் கொடுங்கள். அழைப்பு வரும் அந்த இரவில் அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள்.