உறைபனிக் காலத்தில் வீட்டுக் கோழிகளைக் காத்தல்

கடுங்குளிர் நாளின் விடியலில் கூட்டைத் திறந்ததும், கோழிகளைப் பார்ப்பதற்கு முன் கூரையின் உட்புறத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே பலகையிலும் ஆணி முனைகளிலும் வெள்ளை உறைபனி பூத்திருந்தாலோ, ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் நீர் கோத்து நின்றாலோ, இரவெல்லாம் அந்தக் கூட்டுக்குள் ஈரம் வெளியேற வழியின்றித் தேங்கியது என்று பொருள். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிட நான் பெரிதாக மதிப்பது இந்த அடையாளத்தைத்தான். இறகு முழுமையாக மூடிய, நோயற்ற, இரைப்பை நிறைந்த ஒரு வளர்ந்த கோழி, உலர்ந்த இடத்தில் நேர்க்காற்றுப் படாமல் அமர்ந்திருந்தால், பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழான குளிரையும் தாங்கிக்கொள்ளும்; அதே கோழி ஈரம் சொட்டும் கூட்டில் இருந்தால், அதைவிடக் குறைவான குளிரிலேயே கொண்டை கருகிவிடும்.

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். குளிர் ஏறும்போது அது இறகுகளைச் சிலிர்த்துக்கொள்வதால், அடியிலுள்ள மென்தூவிகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டு, அந்தக் காற்றே போர்வையாக நின்று வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. இறகு நனைந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்துபோகும். கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடுவதும் இதே காரணத்தால் தவறு. சட்டை இறகை அழுத்திச் சிலிர்க்கவிடாமல் செய்கிறது. நனைந்தால் ஈரத்தையும் உடலோடு ஒட்டி வைக்கிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் நன்மை எதுவும் இல்லை.

கூட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கோழிகளே. அவை விடும் மூச்சில் ஈரம் இருக்கிறது. இரவு முழுவதும் இடும் எச்சத்தில் பெரும்பகுதி நீர்தான். நான் கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், பழைய சாக்குகளையும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டு கூட்டின் இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. சேவலின் கொண்டை நுனிகள் முதலில் வெளிறிச் சாம்பல் நிறமாகி, சில நாட்களில் கருத்தன. குளிர் புகுந்துவிடும் என்று நான் அடைத்த வழிகள் எல்லாம் ஈரம் வெளியேற வேண்டிய வழிகள் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே காற்றோட்டமும் வேண்டும், கோழியின் மேல் காற்று வீசவும் கூடாது. இவ்விரண்டையும் ஒன்றாகச் சாதிப்பது திறப்புகள் அமையும் உயரத்தைப் பொறுத்தது. வெப்பமும் ஈரமும் கலந்த காற்று மேலே எழும் என்பதால், கூரைச் சாய்வுக்கு அடியில், அமர்ந்திருக்கும் கோழிகளின் தலைக்கு நன்றாக மேலே, எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்புகள் இருக்க வேண்டும். கோழிகள் அமரும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் உள்ள விரிசல்களை மட்டும் அடைக்க வேண்டும். சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய, மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை அமர்கம்பின் உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். அது படபடத்தால் அங்கே நேர்க்காற்று அடிக்கிறது. அசையாமல் தொங்கி, கூரையோரம் தொங்கவிட்ட பட்டை மட்டும் லேசாக ஆடினால் அமைப்பு சரி. அடுத்து, குனிந்து கோழியின் மூக்கு மட்டத்தில் முகர்ந்து பாருங்கள்; நெடி உங்களுக்குத் தெரிகிறது என்றால் அவற்றின் மூச்சுக்குழாய்க்கு அது ஏற்கெனவே அதிகம். எல்லாத் திறப்புகளையும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள கெட்டியான இரும்பு வலையால் மூடுங்கள். குளிர்காலத்தில் எலிக்கும் நரிக்கும் மரநாய்க்கும் இரை அரிதாவதால், அவை கூட்டைச் சுற்றி வருவது கூடும்.

தரையைப் பொறுத்தவரை ஆழ்கூள முறையே என் தேர்வு. குளிர் தொடங்குவதற்கு முன்பே மரச்சீவலையோ நறுக்கிய வைக்கோலையோ 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, எச்சம் சேரச் சேர அதன் மேல் புதுக் கூளம் தூவிக் கிளறிவந்தால், குளிரின் நடுப்பகுதியில் அது 30 சென்டிமீட்டர்வரை வளரும். அடியில் நடக்கும் மட்குதலால் சிறிதளவு வெப்பமும் கிடைக்கும். ஆனால் அதன் முதன்மையான பயன் ஈரத்தை உறிஞ்சுவதும், தரையின் குளிர் மேலேறாமல் தடுப்பதும்தான். ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளி அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் அது உதிர்ந்து விழ வேண்டும். உருண்டையாகப் பிடித்து நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது, அந்தப் பகுதியை அள்ளி எறிந்து உலர்ந்த கூளம் இட வேண்டும். அமர்கம்புக்குக் கீழே ஒரு பலகை வைத்து, உறைந்து கிடக்கும் எச்சத்தைக் காலையில் சுரண்டி அகற்றிவிட்டால், கூட்டின் ஈரத்தில் பெரும்பங்கை ஐந்து நிமிட வேலையில் வெளியேற்றிவிடலாம்.

அமர்கம்பு உருண்டையாகவும் மெலிதாகவும் இருந்தால் விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலமுள்ள மரச்சட்டத்தைத் தட்டையாகப் பொருத்தினால், கோழி பாதத்தை விரித்து வைத்து அதன் மேலேயே அமர்ந்துகொள்ளும். வயிற்று இறகு விரல்களை மூடிவிடும். உலோகக் குழாய் உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அது ஆகாது. கோழிகள் குளிரில் நெருங்கி அமரும் என்றாலும், ஒன்றுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் கணக்கிட்டு வையுங்கள். இடம் போதாவிட்டால் வலுவற்ற கோழி தரைக்குத் தள்ளப்படும்.

இனி வெப்ப விளக்கு. 250 வாட் சிவப்பு விளக்கை வைக்கோல், தூசு, பறக்கும் இறகு ஆகியவை நிறைந்த மரக்கூட்டில் தொங்கவிடுவது நெருப்போடு விளையாடுவதாகும். ஒரு கோழி சிறகடித்து மோதினாலும், கொக்கி கழன்றாலும், கூடு பற்றி எரியச் சில நிமிடங்களே போதும். தீ ஏற்படாவிட்டாலும் வேறொரு சிக்கல் உண்டு. இளஞ்சூட்டிலேயே பழகிய கோழிகள் குளிருக்கேற்ற அடர்ந்த இறகும் உடல்பழக்கமும் பெறாமல் இருக்கும்போது நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோனால், திடீர்க் குளிரை அவற்றால் தாங்க இயலாது. நோயுற்றதற்கோ, இறகு உதிர்த்துக்கொண்டிருப்பதற்கோ, இறகு அமைப்பே குளிரைத் தடுக்காத சில்கி, ஃபிரிசில் போன்ற இனங்களுக்கோ வெப்பம் கட்டாயம் என்றால், சுவரில் பொருத்தும் தட்டையான கதிர்வீச்சு வெப்பத் தகட்டைப் பயன்படுத்துங்கள். குஞ்சுகளின் கணக்கு வேறு. அவற்றுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். இறகு முழுமையாக மூடும்வரை அவற்றைக் கடுங்குளிரில் விடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் உண்மையில் உழைப்பைக் கோருவது தண்ணீர். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். பாத்திரம் உறைந்துபோனால் அது குடிப்பதை நிறுத்தும். தண்ணீர் இல்லாமல் தீவனம் இறங்காது. தீவனம் இறங்காத கோழிக்கு உடலைச் சூடாக வைத்திருக்க எரிபொருள் இல்லை. மின்வசதி இருந்தால், வெப்பநிலையை உணர்ந்து தானே இயங்கும் சூடேற்று அடித்தட்டு ஒன்று இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். இல்லாவிட்டால், ஒரே அளவிலான இரண்டு கறுப்பு ரப்பர் தொட்டிகளை மாற்றி மாற்றி வைப்பதே எளிய வழி. ரப்பர் நெகிழும் என்பதால், கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி முழுவட்டாகக் கழன்று விழும்; பிளாஸ்டிக் வாளி அதே மிதியில் உடைந்துபோகும். வெதுவெதுப்பான நீரைக் காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, அடைவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒருமுறை வைத்தால் போதும். இரவில் கோழிகள் குடிப்பதில்லை என்பதால் அப்போது தண்ணீரைக் கூட்டுக்குள் வைத்து ஈரத்தைக் கூட்ட வேண்டாம். உறையாமல் இருக்கட்டும் என்று நீரில் உப்பு கலப்பது கோழிக்கு நஞ்சு. அலகுக்குக் கீழே தொங்கும் தாடி பெரிதாக உள்ள சேவல் அகன்ற தொட்டியில் குடிக்கும்போது தாடி நனைந்து பின்னர் உறைந்துவிடும். அதற்குக் குறுகிய விளிம்புள்ள பாத்திரம் ஏற்றது.

தீவனத்தில் பெரிய மாற்றம் தேவையில்லை. ஏறத்தாழ 16 விழுக்காடு புரதமுள்ள முட்டைக்கோழித் தீவனத்தையே தடையின்றிக் கொடுங்கள். குளிரில் அவை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்னும். மாலையில் அடைவதற்கு முன் உடைத்த மக்காச்சோளம் போன்ற தானியத்தைக் கூளத்தின் மேல் சிறிது தூவினால், அது மெதுவாகச் செரித்து இரவில் வெப்பம் தரும். கோழிகள் கிளறித் தின்பதால் கூளமும் புரளும். ஆனால் தானியம் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் புரதம் குறைந்து, உடலில் கொழுப்புதான் சேரும். நிலம் பனியால் மூடிக் கிடக்கும்போது கோழிகளுக்கு இரைப்பையில் தீவனத்தை அரைக்க உதவும் சிறுகல் கிடைக்காது என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள்.

குளிரில் திசு உறைந்து சேதமாகும் பனிக்கடி முதலில் தாக்குவது கொண்டை, தாடி, கால்விரல்கள். லெகார்ன் போன்று நிமிர்ந்த பெரிய ஒற்றைக் கொண்டையுள்ள இனங்களுக்கு இடர் அதிகம். பிரம்மா, வையண்டாட் போன்று கொண்டை தாழ்ந்து படிந்த இனங்களுக்குக் குறைவு. கொண்டையில் பெட்ரோலியம் ஜெல்லி தடவும் வழக்கம் பரவலாக உண்டு. அது காற்றின் வறட்சியிலிருந்து ஓரளவு காக்கலாம். ஈரமான கூட்டில் அதை நம்பி இருந்துவிட முடியாது. பனிக்கடி பட்ட இடம் வெளிறியும் கெட்டியாகவும் தெரிந்தால் தேய்க்கவோ அனல் காட்டவோ கூடாது. கோழியை மிதமான வெப்பமுள்ள அறைக்குக் கொண்டுசென்று மெதுவாகச் சூடு ஏற விடுங்கள். கால்விரல்களை 38 முதல் 40 டிகிரியுள்ள வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தலாம். ஒருமுறை உருகிய திசு மீண்டும் உறைந்தால் சேதம் பன்மடங்காகும் என்பதால், குணமாகும்வரை அதை வெளியே விடாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமலும், கருத்த பகுதியை வெட்டாமலும் விட்டால், அது தானே காய்ந்து உதிரும். வீக்கம் பரவினாலோ துர்நாற்றம் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பகலில் கதவைத் திறந்துவிடுங்கள். வெளியே வருவதா வேண்டாமா என்பதைக் கோழிகளே முடிவு செய்யும். பெரும்பாலானவை வெண்பனியில் கால் வைக்கத் தயங்கும். ஒரு பாதைக்குப் பனியை ஒதுக்கி வைக்கோல் பரப்பினால் தயக்கமின்றி நடக்கும். மேலே கட்டிய வலையில் பனி கனத்துத் தொங்கினால் தட்டிவிடுங்கள். ஓரமாக ஒரு தொட்டியில் உலர்ந்த மண் வைத்தால், புழுதிக் குளியலால் பேன், செள்ளுத் தொல்லை குறையும். நாள் சுருங்குவதால் முட்டை குறைவது இயல்பு. பகலொளியோடு சேர்த்து 14 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் அவை தொடர்ந்து இடும். விரும்பினால் விளக்கை விடியலுக்கு முன் எரிய விடுங்கள். மாலையில் திடீரென அணைத்தால் கோழிகள் இருட்டில் கம்பைத் தேடித் தடுமாறும். இடும் முட்டைகளை நாளில் இரண்டு மூன்று முறை எடுத்துவிடுங்கள், உறைந்தால் ஓடு வெடித்துவிடும்.

பனி உருகத் தொடங்கும் வாரங்களில் கவனம் தளர்வது வழக்கம். பகலில் கசிந்து இரவில் மீண்டும் உறையும் அந்நாட்களில்தான் கூளம் மிக வேகமாக நனையும். கைப்பிடிச் சோதனையை அன்றாடம் செய்யுங்கள். இரவுகளும் பூஜ்ஜியத்துக்கு மேலேயே நிற்கும்வரை ஆழ்கூளத்தை முழுவதுமாக அள்ள வேண்டாம். அதன் பிறகு வாரி எடுத்துக் குவித்து, சில மாதங்கள் மட்கவிட்டுத் தோட்டத்துக்கு இடலாம்.